"எங்க ராசா இருந்தாரே": வேலூரில் ஒரு கண்டிக் குடும்பத்தின் ஒரு நாள்

வேலூரைப் பற்றி ஊருக்குள் ஒரு பழைய பேச்சு உண்டு. சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. வெளியூர்க்காரர்களைக் காரில் ஏற்றியதும் நான் இதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பது வழக்கம். போன பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை, பின் சீட்டில் இருந்த பெரியவர் ஒருவர் இதில் இரண்டாவதை மறுத்தார். "ராசா இருந்தாரே தம்பி. எங்க ராசா" என்றார். அன்றைக்கு நான் போட்டு வைத்திருந்த திட்டம் அதோடு கலைந்தது. அது கலைந்த விதத்தையும், அதற்குப் பிறகு என் வேலையில் நான் மாற்றிக்கொண்டதையும் கொஞ்சம் விரிவாகவே எழுதி வைக்கிறேன். தனிக் கார் எடுத்து ஒரு நாளில் வேலூரைப் பார்க்க நினைப்பவர்களுக்கும், என்னைப் போல் கூடப் போகிறவர்களுக்கும் இது உதவும்.

பள்ளியில் வரலாறு எடுத்துக்கொண்டிருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு, தெரிந்த டிரைவர் ஒருவரோடு சேர்ந்து இப்படி ஊர் சுற்றிக் காட்டுகிறேன்.

வந்தவர்கள்

மற்ற ஊர்களுக்குச் சுற்றுலாவுக்கென்று கிளம்பி வருவார்கள். வேலூருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வைத்தியத்துக்கு வருகிறவர்கள். ஐடா ஸ்கடர் சாலையிலும் பாபு ராவ் தெருவிலும் நின்று பார்த்தால் வங்காளம், அசாம், ஜார்க்கண்ட், வங்கதேசம், இலங்கை என்று எல்லாப் பேச்சும் காதில் விழும். நம் ஆட்டோக்காரர்கள் வங்காளியில் பேரம் பேசுவார்கள். டெஸ்ட் எடுத்தாகிவிட்டது, ரிசல்ட் வர இரண்டு நாள் ஆகும், அதுவரை லாட்ஜ் அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது. அப்படிக் கிடைக்கும் ஒரு நாளில்தான் கோட்டையைப் பார்க்கக் கிளம்புவார்கள். இதை மனதில் வைக்காமல் வேலூரில் யாருக்கும் சுற்றுலாத் திட்டம் போடக் கூடாது. காரில் இருக்கும் மூன்று பேரில் ஒருவர் நோயாளி, இன்னொருவர் வயதானவர், மூன்றாமவர் பத்து நாளாகச் சரியாகத் தூங்காதவர்.

இந்தக் குடும்பமும் அப்படித்தான். அப்பா, அம்மா, நாற்பது வயது மகன். வைத்தியம் அம்மாவுக்கு. மகன்தான் போன் செய்தார். "பத்து நாளா ஆஸ்பத்திரி, லாட்ஜ், ஆஸ்பத்திரி. ஒரு நாளைக்கு இவங்கள எங்கயாவது கூட்டிட்டுப் போங்க" என்றார். ஏற்கெனவே ஒரு டிராவல்ஸில் கொடுத்த அட்டையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். ஒரே நாளில் ஒன்பது இடங்கள். அதில் மூன்றை வெட்டி ஆறாக்கினேன்: ஆற்காடு டெல்லி கேட், கோட்டை, ஜலகண்டேஸ்வரர் கோயில், அருங்காட்சியகம், விரிஞ்சிபுரம், நேரமிருந்தால் முத்து மண்டபம். எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டதற்கு "இலங்கை" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கார் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இங்கே நாள் வாடகை என்றால் எட்டு மணி நேரம், 80 கிலோமீட்டர். அதைத் தாண்டினால் கிலோமீட்டருக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு என்று கூடும், டிரைவர் பேட்டா தனி. ஆற்காடு போய்வர சுமார் 50, எதிர்ப் பக்கத்தில் விரிஞ்சிபுரம் போய்வர சுமார் 30. ஆக 80 தீர்ந்துவிடும். காகிதத்தில் அழகாகப் பொருந்தியது. காரில் உட்கார்ந்திருக்கும் நேரம் எவ்வளவு, இறங்கிப் பார்க்கும் நேரம் எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்க்கவே இல்லை.

ஆற்காடு

"தூரத்த வெயிலுக்கு முன்னாடி முடிச்சுடலாம் சார்" என்று டிரைவர் சொன்னதால் காலை ஏழரைக்கெல்லாம் கிளம்பி முதலில் ஆற்காடு போனோம். வேலூரை வெயிலூர் என்பார்கள். பங்குனியில் அந்தப் பேச்சில் மிகையே இல்லை.

டெல்லி கேட் என்பது பாலாற்றங்கரையில் ஆற்காட்டுக் கோட்டையில் மிஞ்சி நிற்கும் ஒரு வாசல். கர்நாடக நவாப்புகளின் தலைநகரில் இன்று கண்ணால் பார்க்கக் கிடைப்பது கொஞ்சம்தான். 1751-ல் ராபர்ட் கிளைவ் சுமார் 500 பேரோடு இந்தக் கோட்டையைப் பிடித்து, முற்றுகைக்குள் ஐம்பது நாளுக்கு மேல் தாக்குப்பிடித்தான். சாப்பாடு தீர்ந்துபோனபோது இந்தியச் சிப்பாய்கள் சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, வடித்த கஞ்சியைத் தாங்கள் குடித்ததாக ஒரு கதை உண்டு. அதைச் சொன்னேன். மகன் நாலு படம் எடுத்தார். அம்மா காரைவிட்டு இறங்கவில்லை. இருபது நிமிடத்தில் முடிந்தது. மக்கன் பேடா வாங்கிக்கொண்டு திரும்பினோம். 50 கிலோமீட்டரில் அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது அவ்வளவுதான், பேடாவையும் சேர்த்து.

திரும்பி வரும் வழியில்தான் அந்த நாலு வரிப் பேச்சைச் சொன்னேன், பெரியவர் மறுத்தார். கண்டிக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் வாத்தியாராக இருந்தவராம். அவரும் வரலாறு எடுத்தவர். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூரில்தான் அடைபட்டுக் கிடந்து இறந்தார் என்று வருடாவருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஊரில் கால் வைத்துப் பத்து நாள் ஆகியும், மனைவியை விட்டுவிட்டு ராஜாவைப் பார்க்கப் போவதாவது என்று வாய்விட்டுக் கேட்காமல் இருந்திருக்கிறார். மகனுக்கே தெரியாது. நானோ அந்த ராஜாவின் சமாதி இருக்கும் முத்து மண்டபத்தைக் கடைசியில் "நேரமிருந்தால்" என்று போட்டிருந்தேன்.

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "சார், அப்போ விரிஞ்சிபுரத்த விட்டுடலாமா?" என்றார். விட்டுவிட்டோம்.

ஆற்காடு வீணாகப் போனதாக நினைத்தேன். ஆனால் அந்தச் சாலைக்கு ஒரு உபயோகம் இருந்தது, அது எனக்கு மேல்விஷாரம் தாண்டி வந்துகொண்டிருக்கும்போதுதான் தோன்றியது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது, கர்னல் கில்லஸ்பி தன் குதிரைப்படையோடு ஆற்காட்டிலிருந்து இந்தத் திசையில்தான் விரைந்து வந்தான். "நாம இப்ப வர்ற தூரந்தான் ஐயா. அவன் குதிரையில வந்தான்" என்றேன். வாத்தியார் ஐயா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். கஞ்சி குடித்த கதையிலிருந்து கணக்குப் போட்டால் சரியாக 55 வருடம்.

கோட்டை

கோட்டைக்குள் போகும்போது மணி பத்தரை. 133 ஏக்கர், சுற்றிலும் அகழி, கருங்கல் மதில். 16-ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்குக் கட்டுப்பட்ட நாயக்கர்கள் கட்டியது. அவர்களில் சின்ன பொம்மு நாயக்கர் அத்வைத அறிஞர் அப்பைய தீட்சிதரை ஆதரித்து வைத்திருந்தவர், அதனால் அந்தப் பெயர் எனக்குத் தனியாகப் பிடிக்கும். அப்புறம் பீஜப்பூர், மராட்டியர், நவாப், கிழக்கிந்தியக் கும்பினி என்று கை மாறிய வரலாற்றை நான் வழக்கமாக வரிசையாகச் சொல்வேன். அன்றைக்குச் சொல்லவில்லை. அடைபட்டவர்களின் கதையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

திப்பு சுல்தான் 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விழுந்த பிறகு அவருடைய மகன்களையும் பெண்களையும் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். 1806-ல் சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை வந்தது. நெற்றியில் சாதி, சமயக் குறி கூடாது, தாடி கூடாது என்று உத்தரவும் வந்தது. ஜூலை 9 அன்று கோட்டைக்குள் திப்புவின் மகள் ஒருத்திக்குக் கல்யாணம். மறுநாள் விடிவதற்குள் துப்பாக்கிகள் வெடித்தன. கோட்டைக் காவல் தளபதி ஃபான்கோர்ட் உள்பட 14 அதிகாரிகளும், 69-வது படைப்பிரிவின் வெள்ளைச் சிப்பாய்கள் நூறு பேருக்கு மேலும் செத்தார்கள். திப்புவின் மகன் ஃபத்தே ஹைதரை அரசர் என்று அறிவித்தார்கள். அந்த ஆட்சி ஒரு பகலைக்கூடத் தாண்டவில்லை. கில்லஸ்பி வந்துவிட்டான், மதில்மேல் கயிற்றில் ஏறினான், பீரங்கியால் வாசலை உடைத்தார்கள். அன்று செத்த சிப்பாய்கள் சுமார் 350 பேர். மெட்ராஸ் கவர்னர் வில்லியம் பென்டிங்கையே லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. 1857-க்கு அரை நூற்றாண்டு முன்னால் நடந்தது இது. நம் பாடப்புத்தகத்தில் இதற்குக் கிடைத்த பக்கங்கள் போதாது என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

இதை நடந்துகொண்டே சொல்லாதீர்கள். மர நிழலில் ஓரிடத்தில் உட்கார வைத்து, மதிலையும் மைதானத்தையும் காட்டிக்கொண்டு சொன்னால் கால் மணி நேரத்தில் மனதில் நிற்கிறது. நடந்துகொண்டே சொன்னால் பாதி காற்றில் போய்விடும், வயதானவர்களுக்கு மூச்சும் வாங்கும்.

கோட்டைக்குள் ஹைதர் மகால், திப்பு மகால், பேகம் மகால், பாதுஷா மகால் என்றெல்லாம் பெயர் வைத்த கட்டிடங்கள் இருக்கின்றன. ஒன்றின் பெயர் கண்டி மகால். பெயரைச் சொன்னதும் வாத்தியார் ஐயா நின்றுவிட்டார். உள்ளே போக வாய்ப்பில்லை, வெளியில் நின்றுதான் பார்த்தோம். மகன் போனை எடுத்து, "அப்பா, கொஞ்சம் திரும்பி நில்லுங்க" என்று ஒரு படம் எடுத்தார். ஆற்காட்டில் எடுத்த நாலு படத்தையும்விட அதை நிதானமாக எடுத்தார்.

நடை சாத்துவதற்குள் கோயிலுக்குப் போக வேண்டும். அங்கேதான் இரண்டாவது தவறு. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளிப் பிராகாரத்தில் கால் வைத்தால் கல் சுடுகிறது. மணி பதினொன்றரை. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நாலே எட்டில் கல்யாண மண்டபத்தின் நிழலுக்குள் வந்துவிட்டார். காலை எட்டு மணிக்கு வந்திருந்தால் அந்தக் கல் குளிர்ந்து கிடந்திருக்கும். இப்போதெல்லாம் என் பையில் நாலு ஜோடி பழைய சாக்ஸ் இருக்கிறது.

ஆனால் அந்த மண்டபம்தான் அம்மாவுக்கு அந்த நாளைக் கொடுத்தது. ஒரு தூணடியில் குளிர்ந்த தரையில் உட்கார்ந்தவர், களைப்பில் தலையைச் சாய்த்து மேலே பார்த்தார். விதானத்தின் நடுவில் விரிந்த தாமரை, அதைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கல் கிளிகள். "இங்க பாருங்க, கிளி, கிளி" என்று கணவரைக் கூப்பிட்டார். பத்து நாளில் அம்மா குரலை உயர்த்திப் பேசியது இதுதான் முதல் தடவை என்று மகன் என்னிடம் மெதுவாகச் சொன்னார். அப்புறம் நான் அவரைக் கூட்டிப்போய் ரிஷப குஞ்சரத்தைக் காட்டினேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புடைப்புச் சிற்பம். காளையின் தலையும் யானையின் தலையும் ஒரே தலை, ஒரே கண். ஒரு பக்கத்து உடம்பைக் கையால் மறைத்தால் கொம்போடு காளை நிற்கும். மறு பக்கத்தை மறைத்தால் தும்பிக்கையோடு யானை நிற்கும். அம்மா கையை இப்படியும் அப்படியுமாக வைத்து ஏழெட்டுத் தடவை பார்த்தார். குதிரை வீரர்கள், யாளிகள் என்று மற்ற தூண்களையெல்லாம் சுட்டிக்காட்டி விளக்க எனக்குக் கை துறுதுறுத்தது. பேசாமல் நின்றேன். அங்கேயே முக்கால் மணி நேரம் போனது. அதில் ஒரு நிமிடத்தைக்கூட நான் வேறு இடத்துக்குக் கொடுக்க மாட்டேன்.

சாமி இல்லாத கோயில் என்ற பேச்சும் இங்கேதான் பிறந்தது. இந்தக் கோயிலை வெள்ளைக்காரர்கள் ஆயுதக் கிடங்காக வைத்திருந்த காலம் உண்டு. பல தலைமுறைக்குக் கருவறை காலியாகவே கிடந்தது. 1981 மார்ச் 16 அன்று சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அன்றைக்கு ஊரில் இருந்தவர்கள் இன்னமும் அதைச் சொந்த வீட்டு விசேஷம் மாதிரிச் சொல்வார்கள். தண்ணீர் இல்லாத ஆறு 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியதையும் பார்த்துவிட்டோம். கோயிலை விட்டு வெளியே வந்தால் கொஞ்ச தூரத்தில் மசூதி, இன்னொரு பக்கம் 1846-ல் கட்டிய புனித யோவான் தேவாலயம். மூன்றையும் ஒரே பார்வையில் காட்டிவிட்டு நேரே அருங்காட்சியகத்துக்கு நடந்தோம்.

பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை வார விடுமுறை. இத்தனை வருடம் வேலூரில் இருக்கும் எனக்கு இது தெரியும். திட்டம் போட்டபோது கிழமையைப் பார்க்கவில்லை. வெயிலில் ஒரு நோயாளியை அந்தக் கதவு வரை நடக்க வைத்ததற்கு நான்தான் பொறுப்பு. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை என்பதால் அது சின்ன விஷயமாகிவிடாது.

மதியம்

பிரியாணி வேண்டுமென்று மகனுக்கு ஆசை, அம்மாவுக்கு ரசம் சோறு. இரண்டும் கிடைக்கும் கடையாகப் பார்த்து, கழிவறை சுத்தமாக இருக்கிறதா என்று டிரைவர் முதலில் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இது அவராகவே பழகிக்கொண்ட வழக்கம், எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இருக்காது. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வைத்த கத்திரிக்காயைப் பற்றிக் கேட்டார்கள். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொன்னேன். சாப்பிட்டதும் லாட்ஜுக்குப் போய் இரண்டு மணி நேரம் படுக்கச் சொன்னேன். தனிக் காரின் பெரிய வசதியே இதுதான், யாரும் பயன்படுத்துவதில்லை. கார் மீட்டரில் ஒன்றும் ஏறாது, உடம்பு மீண்டு வரும்.

முத்து மண்டபம்

நாலு மணிக்குக் கிளம்பினோம். மக்கான் சந்திப்பில் சிப்பாய்களின் நினைவுத் தூணைக் காரிலிருந்தே காட்டினேன். ஜூலை 10 தோறும் அங்கே மாலை போடுவார்கள். அங்கிருந்து பாலாற்றங்கரைக்கு.

ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மதுரை நாயக்கர் வழியில் வந்தவர். கண்ணுசாமி என்பது இளமைப் பெயர். 1798-ல் கண்டி அரியணை ஏறினார், 1815-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், 1816-ல் கப்பலில் மெட்ராஸ் கொண்டுவந்து வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1832 ஜனவரி 30 அன்று இறந்தார். ஐம்பத்திரண்டு வயது. ராஜா இல்லாத கோட்டை என்று சொல்லும் ஊரில் ஒரு ராஜா பதினாறு வருடம் அடைபட்டுக் கிடந்தார். அவர் சமாதியும் குடும்பத்தார் சமாதிகளும் கேட்பாரற்றுக் கிடந்து, 1990-ல்தான் தமிழக அரசு மண்டபம் எழுப்பித் திறந்தது.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியவர் வாத்தியார் ஐயா. செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு உள்ளே போனார். சமாதிக் கல்மேல் ஒரு வேப்பிலை காய்ந்து கிடந்தது, அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் மகனைப் பக்கத்தில் நிறுத்தி, வகுப்பு எடுக்கிற குரலில் சொன்னார்: "சிம்மாசனம் கொழும்பு மியூசியத்துல இருக்கு. பிள்ளைகள பஸ்ஸுல கூட்டிட்டுப் போய்க் காட்டியிருக்கேன். வெள்ளக்காரன் கொண்டுபோய் வச்சிருந்து 1934-லதான் திருப்பிக் கொடுத்தான். நாற்காலி அங்க. ஆள் இங்க."

கொஞ்ச நேரம் கழித்து வெளியில் படியில் உட்கார்ந்தபடி இன்னொன்று சொன்னார். நான் எத்தனையோ தடவை இங்கே வந்திருக்கிறேன், எனக்கு இது தோன்றியதே இல்லை. "ராசாவ அங்கருந்து இங்க அனுப்பினான். பத்து, பதினஞ்சு வருசம் கூட ஆகல, கோப்பித் தோட்டம் போட நம்ம சனத்த இங்கருந்து அங்க கொண்டுபோனான். எங்க பாட்டன் முப்பாட்டன் எல்லாம் அப்படிப் போனவங்கதான் தம்பி. ஒரே கடல்." 1820-களில் கண்டி மலையில் காப்பித் தோட்டங்கள் வந்தன. ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்ற ஊர் வரைக்கும் நடந்து, படகேறி, மறுபடி மாத்தளை வழியாக நடந்து போனவர்கள் தமிழ்நாட்டுக் கூலிகள். ராஜா இறக்கும்போது அந்தப் போக்குவரத்து தொடங்கிவிட்டிருந்தது.

இருட்டும் வரை அங்கேயே இருந்தோம். மீட்டரில் 80 வரவில்லை, நேரம்தான் எட்டு மணி நேரக் கணக்கைத் தாண்டியிருந்தது. மதியம் படுத்த இரண்டு மணியை டிரைவர் கணக்கில் சேர்க்கவில்லை.

பிறகு மாற்றியது

போனில் இப்போது முதலில் கேட்பது இடங்களை அல்ல. எந்த ஊர், எந்த மாவட்டம், யாருக்கு வைத்தியம், யார் என்ன வேலை செய்தவர்கள். ஐந்து நிமிடம் பேசினால் எதை விட வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. கோட்டையையும் கோயிலையும் காலை எட்டு மணிக்கு வைக்கிறேன். ஆற்காட்டை, நவாப் வரலாற்றில் உண்மையிலேயே ஆசை உள்ளவர்களுக்கு மட்டும் சேர்க்கிறேன். விரிஞ்சிபுரத்தை இன்னொரு நாளுக்கு ஒதுக்கச் சொல்கிறேன். மதிலழகுக்குப் பெயர் போன அந்தக் கோயிலில் நிழல் விழுந்து மணி காட்டும் கல் ஒன்று இருக்கிறது. பிறை மாதிரி வளைந்த கல்லில் எண்கள், மேலே குச்சி வைத்தால் நிழல் எந்த எண்ணில் விழுகிறதோ அதுதான் மணி. சாயங்காலம் நாலரைக்கு அவசரமாக ஓடிப்போய்ப் பார்க்கிற இடமில்லை அது. வெள்ளிக்கிழமை என்றால் அருங்காட்சியகம் என்ற வார்த்தையையே எடுப்பதில்லை.

வைகாசியில் கொல்கத்தாவிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கேட்டதில், டோலிகஞ்சில் வீடு, வேலை தர்மதலாவில் என்றார்கள். அவர்களை முதலில் கோட்டைக்குக் கூட்டிப்போகவில்லை. கோட்டைக்குக் கிழக்கே ஒரு கிலோமீட்டர் சுமாரில் திப்பு குடும்பத்தாரின் கல்லறைகள் இருக்கின்றன. ஹைதர் அலியின் மனைவி பக்ஷி பேகமும் திப்புவின் மனைவி பாதுஷா பேகமும் அங்கே அடங்கியிருக்கிறார்கள். 1806-க்குப் பிறகு திப்புவின் மகன்களைக் கும்பினி கல்கத்தாவுக்குக் கொண்டுபோய்விட்டது, டோலிகஞ்சில்தான் குடியேற்றியது. பெண்களில் பலர் இங்கேயே நின்றுவிட்டார்கள். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மா கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு வங்காளியில் வேகமாக ஏதோ பேசினார். தர்மதலாவில் திப்பு சுல்தான் மசூதி இருக்கிறது, 1842-ல் கடைசி மகன் குலாம் முகம்மது கட்டியது. அதன் வாசலில்தான் அவர் தினமும் பஸ் ஏறுவாராம்.

"அந்தப் பையன் இங்கே எந்த வீட்டில் இருந்தான்?" என்று கேட்டார். காரைக் கோட்டைக்குத் திருப்பச் சொன்னேன்.